வாங்கிய பழைய கார் வழியில் நின்றால்: இன்ஜினைப் பிரிக்கும் முன்னால் செய்ய வேண்டியவை

பழைய கார் வாங்கிக் கொஞ்ச நாளிலேயே அது படுத்துக்கொண்டால், விற்றவர் சொல்லும் முதல் வாக்கியம் எங்கே போனாலும் ஒன்றுதான்: "பழைய வண்டி சார், ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க." இதைக் கேட்டதும் பாதிப் பேர் தலையெழுத்து என்று சொந்தக் காசில் ரிப்பேர் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள், மீதிப் பேர் கடை வாசலில் போய்ச் சத்தம் போடுகிறார்கள். இரண்டாலும் பணம் வருவதில்லை. பழைய பொருளுக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தும், நானே அந்த வழியில் போய் ஓரளவு மீட்டிருக்கிறேன். ஆனால் அந்த வழி திறப்பதும் அடைபடுவதும் பெரும்பாலும் வண்டி நின்ற முதல் சில நாட்களில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தியச் சட்டத்தை வைத்து எழுதுகிறேன், வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு விதிகள் மாறும்.

நான் எடுத்தது ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக், ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார்களை விற்கும் கடையில். பெயர் வேண்டாம், விவகாரம் முடிந்துவிட்டது. ஆர்சி என் பெயருக்கு மாறி, இன்சூரன்ஸும் மாறி, சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஊருக்குள் ஓட்டும்வரை எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. முதல் நீண்ட பயணத்தில், ஹைவேயில், ஏசி திடீரென்று வெறும் காற்றாக வர ஆரம்பித்தது, பார்த்தால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முள் சிவப்பில் இருக்கும்போது "அடுத்த ஊர் வரைக்கும் மெதுவா உருட்டிடலாம்" என்று ஓட்டினால் இன்ஜின் போவது ஒரு பக்கம், வழக்கும் அங்கேயே போய்விடும். பின்னால் விற்றவர் தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி, "ஹீட் ஆனது தெரிந்தும் ஏன் ஓட்டினீர்கள்?" என்பதுதான். வண்டியை நிறுத்திய இடத்திலேயே டேஷ்போர்டைப் போட்டோ எடுங்கள், முள்ளும் ஓடிய கிலோமீட்டரும் ஒரே படத்தில் வர வேண்டும். ரெக்கவரி வண்டிக்காரரிடம் பில் கேளுங்கள், அதில் ஏற்றிய இடம், நேரம், மீட்டர் ரீடிங் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அவர் பில் புத்தகமே இல்லை என்பார். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் போதும், பணத்தை மட்டும் யுபிஐயில் அனுப்பினால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் முதலில் ஆயில் ஊற்றும் இடத்தின் மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். உட்புறம் முழுக்க வெளிர் காப்பி நிறத்தில் வெண்ணெய் போல அப்பியிருந்தது. அதாவது கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. அப்புறம் கூலன்ட் பாட்டிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு, நடுவில் மினுமினுவென்று உலோகத்தூள். "ரேடியேட்டர்ல ஒழுகல் அடைக்கிற மருந்து ஊத்தியிருக்காங்க சார். இது நீங்க வாங்கின பிறகு ஊத்தினதா இருந்தா ஒழிய, அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு." இந்த மருந்து கொஞ்ச காலத்துக்குக் கசிவை அடைக்கும், கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். ஊருக்குள் நிதானமாக ஓட்டும்போது சமாளிக்கும் வண்டி ஹைவேயில் ஏன் மூச்சு வாங்கியது என்பதற்கு அதுவே பதில்.

சந்தேகம் ஹெட் கேஸ்கெட்டில்தான், அதாவது இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைத்து நிற்கும் தகட்டில். இன்ஜினைப் பிரிக்காமலே அதைப் பார்க்க ஒரு சோதனை உண்டு: ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதில் நீல நிற திரவம் ஊற்றி, கூலன்ட்டிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகிவிடும். எங்கள் கண் முன்னால் மஞ்சளானது. அதை வீடியோ எடுத்தேன், வண்டி நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்கி இடையில் நிறுத்தாமல்.

உடனே மெக்கானிக், "இன்னைக்கே ஹெட்டைக் கழட்டிட்டா நாளைக்கு லேத்துக்கு அனுப்பிடலாம்" என்றார். அவர் பார்வையில் அது நியாயம், ஒர்க்‌ஷாப்பில் இடம் அடைபடுகிறது. நான் வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது நினைவில் இருந்தது: பிரித்துப் போட்ட இன்ஜின் சாட்சி சொல்லாது. ஒருமுறை ஹெட்டைக் கழற்றிவிட்டால், விற்றவர் "நீங்களும் உங்க மெக்கானிக்கும் சேர்ந்து என்ன பண்ணீங்களோ" என்று சொல்லிவிடலாம், அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். அதனால் பிரிப்பதற்கு முன்னால் மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும்: ஒர்க்‌ஷாப்பின் ஜாப் கார்டில் கண்டது எல்லாம் எழுத்தில் வர வேண்டும், விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து வந்து பார்க்க வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், நம் மெக்கானிக் இல்லாத வேறொருவரிடம் ஒரு அறிக்கை வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவதற்கு நான் போனது ஒரு இன்சூரன்ஸ் சர்வேயரிடம். உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர்கள் தனியாகவும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து அறிக்கை தருவார்கள், நுகர்வோர் ஆணையத்தில் அவர்கள் எழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் தரும் அறிக்கையும் நல்லதுதான். சர்வேயர் ஸ்கேனரை ஓபிடி சாக்கெட்டில், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பில், செருகிப் பார்த்தபோது வெளிவந்த ஒரு தகவல் எனக்குப் புதிது. பல கார்களில் ‘கோளாறு குறியீடுகள் அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம்’ என்று ஒரு கணக்கு கம்ப்யூட்டரில் நிற்கும். என் வண்டியில் அந்தத் தூரம், நான் வாங்கிய பிறகு ஓட்டியதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். விற்பதற்குச் சற்று முன்னால் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். இதை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது, "பேட்டரி மாத்தினோம் சார், அதுல போயிருக்கும்" என்று சொல்ல இடம் இருக்கிறது, சில வண்டிகளில் அது உண்மையும்கூட. ஆனால் அடியில் படிந்த மருந்தோடும் மஞ்சளான திரவத்தோடும் சேரும்போது இதற்குக் கனம் வந்துவிடுகிறது.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, பழைய 1986 சட்டத்தின் இடத்தில். சொந்த உபயோகத்துக்குக் காசு கொடுத்து வாங்கியவர் நுகர்வோர், வாங்கி விற்பதற்காக வாங்கியவர் அல்ல. டாக்சி ஓட்டிப் பிழைப்பு நடத்துவதற்காகத் தானே ஒரு வண்டி வாங்கியவரும் நுகர்வோர் கணக்கில் வருவார். புதுசா பழசா என்ற பேச்சே அந்த வரையறையில் இல்லை.

எனக்கு மிகப் பெரிய உதவியாக இருந்தது ‘குறைபாடு’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், பிரிவு 2(10). சட்டப்படி இருக்க வேண்டிய தரம், ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரம் என்று சொல்லிவிட்டு, வணிகர் எந்த விதத்திலாவது இருப்பதாகச் சொல்லிக்கொண்ட தரம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். எந்த விதத்திலாவது! விளம்பரத்தில், வாட்ஸ்அப்பில், வாய்ச்சொல்லில். அதாவது பத்து வருஷப் பழைய வண்டி புது வண்டி மாதிரி இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது, ஆனால் விற்றவர் இருக்கிறது என்று சொன்னது இருக்க வேண்டும். பழைய காரைப் பொறுத்தவரை அளவுகோலை நிர்ணயிப்பதே விற்றவரின் வாய்தான்.

அதனால் அவர் என்ன சொன்னார் என்பதைப் பிடித்து வைப்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. எல்லாச் சொல்லும் உதவாது. "ஷோரூம் கண்டிஷன்", "சும்மா பறக்கும்", "டாக்டர் வெச்சிருந்த வண்டி" (நாட்டில் எத்தனை டாக்டர்கள் இத்தனை கார்களை விற்றிருக்கிறார்களோ) இதெல்லாம் வியாபாரப் பேச்சு, இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "இன்ஜின் பிரிக்கலை", "ஆக்சிடென்ட் இல்லை", "கிலோமீட்டர் ஒரிஜினல்", "வெள்ளத்துல மாட்டலை" என்பவை வேறு ஜாதி, ஆம் அல்லது இல்லை என்று சரிபார்க்கக்கூடிய தகவல்கள். பொய் என்று தெரிந்தால் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை இரண்டின் கீழும் வரும். நான் பணம் கொடுப்பதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில், "ஹீட் பிரச்னை, கூலன்ட் குறையிற பிரச்னை ஏதாவது இருந்திருக்கா?" என்று கேட்டிருந்தேன். "அதெல்லாம் இல்ல சார், இன்ஜின் கை வெக்காதது, நான் கியாரண்டி" என்று பதில் வந்திருந்தது. மொத்த விவகாரத்திலும் என் கையில் இருந்த மிகச் சிறந்த ஆவணம் அந்த ஒரு வரிதான்.

வண்டி வாங்கப்போகிறவர்கள் இப்படி நாலு கேள்வியை எழுத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். உண்மை சொல்கிறவர் பதில் அனுப்பிவிடுவார். "நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்று மட்டும் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். விளம்பரத்தை அன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வண்டி விற்றதும் அது காணாமல் போய்விடும். பிறகு வழக்கில் இந்த மெசேஜ்களைத் தாக்கல் செய்யும்போது, மின்னணுச் சான்றுக்காக பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் 2023ன் பிரிவு 63ன்படி ஒரு சான்றிதழையும் இணைத்துவிடுங்கள், அப்போதுதான் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துத் தொங்காது. அதுவரை போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

"ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க" என்பதற்குப் பதில் பொருள் விற்பனைச் சட்டம் 1930ல் இருக்கிறது. வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் பொதுவான நிலை, உண்மைதான். ஆனால் அந்த வகைப் பொருளையே தொழிலாக விற்பவரிடம் வாங்கினால் அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே உள்ள நிபந்தனை என்று பிரிவு 16 சொல்கிறது. வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. டயர் தேய்ந்திருப்பது, கதவில் டச்சப் அடித்திருப்பது, கிளட்ச் கெட்டியாக இருப்பது எல்லாம் ஓட்டிப் பார்த்தாலே தெரியும், அதற்கெல்லாம் கேஸ் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மருந்து ஊற்றி மறைத்த கேஸ்கெட் கால் மணி நேர டெஸ்ட் டிரைவில் யாருக்கும் தெரியாது.

அடுத்து டெலிவரி நோட். கன்சல்டிங்கில் சாவி கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், அதில் ‘வண்டியை உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், பின்னால் எந்தப் புகாரும் செய்ய மாட்டேன்’ என்று இருக்கும். என் தாளிலும் இருந்தது. மறைத்த குறைக்கும் சொன்ன பொய்க்கும் அந்த வரி முழுக் கவசம் ஆகாது. ஏமாற்றியோ தவறான தகவல் கொடுத்தோ வாங்கிய சம்மதத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்று ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 19 சொல்கிறது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2019 சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தனியாக ஒரு தலைப்பு உண்டு, ஆனால் அந்தத் தலைப்பில் புகார் கொடுத்தால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும், மாவட்ட ஆணையம் அதை விசாரிக்காது. குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று எழுதினால் மாவட்டத்திலேயே வேலை முடியும். தலைப்பை ஆவேசத்தில் கூட்டிவிடாதீர்கள்.

அந்த டெலிவரி நோட்டே எனக்கு வேறு விதத்தில் உதவியது. கன்சல்டிங்கின் முதல் பதில், "நாங்க வெறும் இடைத்தரகர், ஓனர் வேற ஒருத்தர், அவர்கிட்ட கேளுங்க" என்பது. ஆர்சியில் பழைய ஓனர் பெயரிலிருந்து நேராக என் பெயருக்கு மாறியிருந்தது, கன்சல்டிங் பெயர் எங்குமே இல்லை. ஆனால் நோட் அவர்கள் லெட்டர்ஹெட்டில் இருந்தது, பணம் அவர்கள் கணக்குக்குப் போயிருந்தது. இதற்காகத்தான் சொல்கிறேன், அட்வான்ஸாக ஒரு சின்னத் தொகை கொடுத்தாலும் கடையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். இன்னொன்றும் இருக்கிறது: 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததும் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகு அந்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். நடைமுறையில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். செய்யாதவரிடம் நோட்டீஸில் இதைக் கேட்டால் பேச்சின் தொனி மாறுகிறது.

நேரடியாக ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. தன் சொந்தக் காரை விற்கிறவர் வணிகர் அல்ல, அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் நீதிமன்றம்தான் வழி. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் காவல்துறையில் மோசடிப் புகார் கொடுக்கலாம், இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318. அதைக் காட்டுவது எளிதில்லை. கமிஷன் வாங்கிய புரோக்கர் நடுவில் இருந்தால் அவரைச் சேவைக் குறைபாட்டின் கீழ் இழுக்க வாய்ப்பு உண்டு. சுருக்கமாக, தனிநபரிடம் விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் இதுவும்தான்.

வாரன்டியோடு விற்கும் பெரிய ஷோரூம்களில் வாங்கியவர்கள் முதலில் வாரன்டிப் புத்தகத்தைப் படியுங்கள். பொதுவாக இன்ஜினும் கியர்பாக்ஸும் இருக்கும், கிளட்ச், பிரேக், பேட்டரி, டயர் இருக்காது. அவர்கள் சொல்லும் ஒர்க்‌ஷாப்பைத் தவிர வேறு யாரும் கை வைத்தால் வாரன்டி போய்விடும், வாரன்டியைத் தருவதே வேறொரு கம்பெனியாகவும் இருக்கும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020ன் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். கஸ்டமர் கேர் சாட்டில் புலம்புவதைவிட அந்த அலுவலருக்கு மெயில் அனுப்புவது மேல். இன்சூரன்ஸை இதில் நம்ப வேண்டாம், இயந்திரக் கோளாறு சாதாரண மோட்டார் பாலிசியில் விலக்கப்பட்ட ஒன்று. ரோட்சைடு உதவி சேர்த்திருந்தால் வண்டியைத் தூக்கி வருவதற்கு மட்டும் ஆகும்.

நோட்டீஸுக்கு வருகிறேன். புகார் கொடுப்பதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை. நானே ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டிலும் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். வண்டி எந்த ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது, என்ன கண்டார்கள், இந்தத் தேதிக்குள் உங்கள் மெக்கானிக்கோடு வந்து பார்த்துக்கொள்ளலாம், வராவிட்டால் நான் வேலையை ஆரம்பித்து செலவை உங்களிடம் கோருவேன். அவ்வளவுதான், ஏமாற்றுக்காரன், திருடன் என்று ஒரு சொல் கிடையாது. கெடு வைப்பது எதற்கென்றால், வண்டியை மாதக்கணக்கில் அப்படியே போட்டுவிட்டு பார்க்கிங் வாடகையையும் சேர்த்துக் கேட்டால் நம் மேல்தான் குறை வரும், நஷ்டத்தைக் குறைக்க நாமும் முயன்றிருக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் எதிர்பார்க்கிறது. அவர்கள் வரவில்லை. கெடு முடிந்ததும் சர்வேயர் முன்னிலையில் ஹெட்டைக் கழற்றினோம். கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கருகிப் பிளந்திருந்தது, ஹெட்டின் மேற்பரப்பில் முன்பே ஒருமுறை லேத்தில் சீவிய தடம். ‘கை வெக்காத’ இன்ஜின்! பழைய கேஸ்கெட்டைப் பாலித்தீன் பையில் போட்டு ஒட்டி, கலங்கிய ஆயிலை ஒரு பாட்டிலில் எடுத்து, இரண்டின் மேலும் சர்வேயரிடம் கையெழுத்து வாங்கி வைத்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர முயல்வார்கள். பெரிய கம்பெனிகளிடம் இது நன்றாக வேலை செய்யும். சின்ன கன்சல்டிங்குகள் கண்டுகொள்வதில்லை, என் விஷயத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் புகார் எண் ஒரு ஆவணமாகிறது.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எங்கே தாக்கல் செய்வது என்பதில் 2019 சட்டம் நமக்கு ஒரு பெரிய சலுகை தந்திருக்கிறது: வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். மாவட்ட ஆணையம் 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கும், அந்தத் தொகை நாம் பொருளுக்குக் கொடுத்த விலை, கேட்கும் இழப்பீடு அதில் சேராது. வண்டி விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. காலக்கெடு இரண்டு வருஷம். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், வீடியோ கான்ஃபரன்ஸில் ஆஜராகவும் கேட்கலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூட 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு பழைய சட்டத்தின் இதே போன்ற விதிக்கு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள்.

என்ன கேட்பது என்பதில் என் கருத்து: ரசீது இருக்கும் செலவு முழுவதும், வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு அடக்கமான ஒரு தொகை. வண்டி விலையை விடப் பெரிய தொகையை மன உளைச்சலுக்குக் கேட்டுப் புகார் எழுதுகிறவர்களைப் பார்த்தேன், அது எதிர்த்தரப்பைப் பயமுறுத்துவதில்லை, கேட்பவரைத்தான் பேராசைக்காரராகக் காட்டுகிறது. நான் முதலில் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும் என்று கேட்டேன், அது கிடைக்காவிட்டால் ரிப்பேர் செலவு என்று மாற்றாகவும் எழுதினேன். மாற்று எழுதுவது முக்கியம், ஒன்றை மட்டும் கேட்டால் கை கட்டிவிட்டது போல் ஆகிவிடும்.

ஆணையம் இரு தரப்பின் சம்மதத்தோடு சமரசத்துக்கு அனுப்பியது. அங்கேதான் முடிந்தது. அவர்கள் வக்கீல் பாதித் தொகையில் ஆரம்பித்தார், என் வாட்ஸ்அப் வரியையும் சர்வேயர் அறிக்கையையும் எடுத்து வைத்த பிறகு ரிப்பேர் பில், ரெக்கவரி வண்டி, சர்வேயர் ஃபீஸ் வரைக்கும் வந்தார். உளைச்சலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தொடர்ந்து நடத்தியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம், மேல்முறையீடு என்று இழுத்தும் இருக்கலாம். நான் ஒத்துக்கொண்டேன்.

சமரசத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘பணத்தை அப்புறம் தருகிறேன், முதலில் வாபஸ் வாங்குங்க’ என்பதற்கு மசிய வேண்டாம். ஒப்பந்தத்தில் தொகை, தேதி, வங்கிக் கணக்கு எல்லாம் எழுதி ஆணையத்தின் உத்தரவாகவே பதிவு செய்துகொள்ளுங்கள், உத்தரவை மீறினால் பிரிவு 72ன் கீழ் சிறைத் தண்டனை வரை போகலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்குகிறவர்கள், ஆர்சி விற்றவர் பெயருக்கு மாறும் பொறுப்பையும் எழுத்தில் கட்டுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டு ஆர்சி நம் பெயரிலேயே இருந்தால், நாளைக்கு அந்த வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுக்கு நம்மைத்தான் தேடி வருவார்கள், பதிவில் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. லோன் இருந்தால் பேங்கில் கணக்கை முடித்து, அடமானம் முடிந்ததற்கான படிவம் 35 வாங்கி, ஆர்சியில் அடமானக் குறிப்பை நீக்கிய பிறகுதான் பெயர் மாற்றமே நடக்கும். வழக்கு நடக்கும் காலம் முழுக்க இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும், வண்டி நிற்கிறது என்பதற்காக பேங்க் நிறுத்தாது.

வண்டி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, ஹைவேயிலும் ஓடுகிறது. ரேடியேட்டரை மட்டும் பிறகு மாற்ற வேண்டியிருந்தது, உள்ளே போன மருந்தை எவ்வளவு அலசியும் எடுக்க முடியவில்லை. அந்தச் செலவு சமரசத் தொகையில் சேரவில்லை, என் கையிலிருந்துதான் போனது.